பிரேக் பிடிக்க தெரியுமா? ரேஸ் மைதானத்தில் ஒரு நாள் ஓட்டினால் ரோட்டில் உயிர் பிழைக்கலாம்!

காஞ்சிபுரம்:

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை. விடியற்காலை 5 மணி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. அரசு பஸ் பணிமனையில் இருந்து முதல் டிரிப் பஸ்கள் கிளம்புகின்றன. உத்திரமேரூர் பக்கம் இருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் வருகின்றன. இதற்கு நடுவில் காலை ஷிப்டுக்கு லேட் ஆகிவிட்டதே என்று பைக்கை முறுக்கிக்கொண்டு பறக்கிறார்கள் வாலிபர்கள்.

இவர்களில் யாரை நிறுத்தி கேட்டாலும் "நமக்கு வண்டி நல்லா ஓட்ட தெரியும்" என்றுதான் சொல்வார்கள். 10 வருஷம், 15 வருஷம் ஓட்டுகிறவர்கள். பொய் இல்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வி. 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு மாடு வந்தால் வண்டி எத்தனை அடியில் நிற்கும்? இதற்கு பதில் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். காரணம், முழு பலத்தோடு பிரேக் பிடித்து பார்த்தவர்களே குறைவு. முதல் முறை பிடிப்பதே விபத்து நடக்கும் அந்த விநாடியில்தான்.

அந்த முதல் முறையை ஆள் இல்லாத, மாடு இல்லாத, எதிரே லாரி வராத ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா? அதற்குத்தான் ரேஸ் மைதானத்தில் பயிற்சி நாள் நடத்துகிறார்கள். ஆங்கிலத்தில் டிராக் டே என்பார்கள்.

இருங்காட்டுக்கோட்டை

இதற்காக வெளிநாடு போக வேண்டியது இல்லை. ஓரிக்கையில் இருந்து காஞ்சிபுரம், பொன்னேரிக்கரை, சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக சென்னை ரோட்டில் போனால் இருங்காட்டுக்கோட்டை. கார் கம்பெனி இருக்கும் ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஊரில்தான் இந்தியாவின் பெயர் பெற்ற கார், பைக் ரேஸ் மைதானம் இருக்கிறது. தினமும் கம்பெனி பஸ்சில் அதை கடந்து போகிறவர்களில் பலர் ஒரு நாள்கூட உள்ளே எட்டிப்பார்த்தது கிடையாது.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற அமைப்பு 1953-ல் தொடங்கப்பட்டது. அந்த காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடக்கும். 2-ம் உலகப்போர் சமயத்தில் போடப்பட்ட ஓடுதளம் அது. சோழவரம் ரேஸ் என்றால் பழைய ஆட்களுக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். சாக்கு மூட்டை, வைக்கோல் கட்டுகள்தான் தடுப்பு. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய் வேடிக்கை பார்த்தார்கள்.

அதன்பிறகு கிளப்பே சொந்தமாக இருங்காட்டுக்கோட்டையில் மைதானம் அமைத்தது. 1990-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். 12 வளைவுகள். நேர் ரோடு, வேகமான வளைவு, திடீரென்று மடங்கும் வளைவு என்று எல்லாம் கலந்து இருக்கும். தமிழ்நாட்டில் இருந்து பார்முலா-1 வரை போன நரேன் கார்த்திகேயன் (2005), கருண் சந்தோக் (2010) இருவருமே இந்த மண்ணில் சக்கரம் உருட்டியவர்கள்தான்.

கோவை அருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே என்ற மைதானமும் இருக்கிறது. 1995-ல் விமான விபத்தில் பலியான ரேஸ் வீரர் கரிவர்தன் பெயரில் 2003-ல் திறக்கப்பட்டது. சுற்றளவு சுமார் 2.1 கிலோ மீட்டர். கொங்கு பக்கத்து ஆட்களுக்கு அதுதான் கிட்டம்.

ரேஸ் இல்லாத நாட்களில் இந்த மைதானங்களை பயிற்சி நிறுவனங்கள், பைக் கம்பெனிகள், கார் கிளப்புகள் வாடகைக்கு எடுத்து பொதுமக்களுக்கு பயிற்சி நாள் நடத்துகின்றன. அமெரிக்காவில் கீத் கோட் என்பவர் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளிகூட பலமுறை இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு எடுத்திருக்கிறது. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற மைதானம். 1927-ல் கட்டியது. ஒரு சுற்று 20.8 கிலோ மீட்டர். அங்கே சாதாரண ஜனங்கள் டிக்கெட் வாங்கி சொந்த காரில் சுற்றி வரலாம். நம்ம ஊர் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவது போல!

காலையில் என்ன நடக்கும்?

பயிற்சி நாள் என்றதும் போனவுடன் வண்டியை எடுத்து பறக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். முதல் வேலை வண்டி சோதனை. டயர் வழுக்கையாக இருந்தால் அனுமதி இல்லை. பிரேக் கட்டை தேய்ந்திருந்தாலும் இல்லை. ஆயில் சொட்டினால் சுத்தமாக இல்லை. பைக்கில் ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாவற்றிலும் டேப் ஒட்ட சொல்வார்கள். விழுந்து உடைந்தால் கண்ணாடி துண்டு டிராக்கில் சிதறக்கூடாது என்பதற்காக. சைடு மிரரை கழற்றிவிட வேண்டும். அல்லது மறைக்க வேண்டும். பின்னால் வருகிறவனை பார்க்காதே, முன்னால் பார் என்பது அங்கே விதி.

ஆளுக்கும் சோதனை உண்டு. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், தடித்த தோல் உடை, கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். செருப்பு போட்டுக்கொண்டு லுங்கியை மடித்துக்கட்டி ஓட்டும் நம்ம ஊர் பழக்கம் அங்கே செல்லாது. லைசென்ஸ் காட்ட வேண்டும். ஏதாவது நடந்தால் என் பொறுப்பு என்று எழுதி கையெழுத்து போட வேண்டும். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். அது வரவில்லை என்றால் டிராக்கை திறக்கவே மாட்டார்கள்.

பிறகு வகுப்பு. கொடி பாடம். மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு கொடி என்றால் எல்லோரும் வேகத்தை குறைத்து உள்ளே திரும்ப வேண்டும். மஞ்சளில் சிவப்பு பட்டை போட்ட கொடி என்றால் தரையில் ஆயில் கிடக்கிறது, வழுக்கும். கறுப்பு கொடியை காட்டினால் அந்த ஆள் உடனே வெளியே வர வேண்டும். கட்டம் போட்ட கொடி விழுந்தால் அந்த ரவுண்டு முடிந்தது. படிப்பு அதிகம் இல்லாதவரும் 10 நிமிஷத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

இன்னொரு விஷயம். பயிற்சி நாளில் யார் முதலில் வந்தார், யார் எத்தனை விநாடியில் சுற்றினார் என்ற கணக்கே கிடையாது. கப்பு கிடையாது. போட்டி போட நினைக்கிறவரை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள்.

8 போட்டால் போதுமா?

நம்ம ஊரில் லைசென்ஸ் வாங்குவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பைக்காக இருந்தால் காலை கீழே ஊன்றாமல் 8 போட வேண்டும். காராக இருந்தால் எச் போட வேண்டும். நல்ல பழக்கம்தான், பேலன்ஸ் வரும். ஆனால் 8 போடும்போது வண்டி போவது சைக்கிள் வேகத்தில். உயிர் போவதோ 60, 80 வேகத்தில். அந்த வேகத்தில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாரும் சொல்லிக்கொடுப்பது இல்லை. அண்ணன் பைக்கை திருட்டுத்தனமாக எடுத்து பாலாற்று பாலத்தில் கற்றுக்கொண்டவர்கள்தான் பாதி பேர்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு மத்திய அரசின் கணக்கே சாட்சி. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் பலியானார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு. 64 ஆயிரத்து 105 விபத்துகள். இதில் 17 ஆயிரத்து 884 உயிர்கள் போயின. செத்தவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 100-ல் 71 சாவுக்கு காரணம் அதிவேகம் என்கிறது அந்த அறிக்கை.

கணக்கு பாடம்

இப்போது மாட்டு கேள்விக்கு வருவோம். ஆபத்தை கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்குக்கு போக குறைந்தது 1 விநாடி ஆகும். அந்த 1 விநாடியில் வண்டி சும்மா இருக்காது. 60 வேகத்தில் போகிறவர் அந்த நேரத்தில் சுமார் 17 மீட்டர் போய்விடுவார். அதன்பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோடு, நல்ல டயர், நல்ல பிரேக் இருந்தால் மேலும் 20 மீட்டர். ஆக மொத்தம் 37 மீட்டர். அதாவது 120 அடி. நம்ம ஊர் பஸ் மூன்று வரிசையாக நின்றால் எவ்வளவு நீளமோ அவ்வளவு.

80 வேகத்தில் என்றால்? 20 தானே கூட என்று தோன்றும். யோசிக்கும் நேரத்தில் 22 மீட்டர், பிரேக்குக்கு 35 மீட்டர், மொத்தம் 57 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொன்ன பாடம். யார் கவனித்தது?

இதைவிட அதிர்ச்சி தரும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில் மாட்டை பார்த்து இருவர் ஒன்றாக பிரேக் பிடிக்கிறார்கள். ஒருவர் வந்தது 60-ல். இன்னொருவர் வந்தது 80-ல். 60-ல் வந்தவர் மாட்டுக்கு முன்னால் மயிரிழையில் நின்றுவிடுகிறார். அதே இடத்தை 80-ல் வந்தவர் கடக்கும்போது அவருடைய வண்டியின் வேகம் எவ்வளவு தெரியுமா? இன்னும் 60! ஏனென்றால் அவர் பிரேக்கை தொடுவதற்கே 22 மீட்டர் போய்விட்டது. மீதி இருப்பது 15 மீட்டர்கூட இல்லை. ஒருவருக்கு நெஞ்சு படபடப்போடு போய்விடுகிறது. மற்றவருக்கு முழு வேகத்தில் மோதல்.

மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் இந்த தூரம் எல்லாம் இன்னும் நீளும். டயர் வழுக்கை என்றால் கேட்கவே வேண்டாம்.

முன் பிரேக் பயம்

டிராக்கில் முதலில் உடைவது ஒரு பழைய பயம். "முன் பிரேக் பிடிக்காதே, தூக்கி அடிச்சிடும்" என்று அப்பா சொல்லியிருப்பார். சைக்கிள் ஓட்டிய காலத்து அறிவுரை. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முழுக்க முன்னால் சாயும். பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரம் தரையை பிடிக்காது. அதனால் பைக்கை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவருக்கு பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பாம்பு போல ஆடும். நிற்கவும் நிற்காது.

அதற்காக முன் பிரேக்கை ஒரேயடியாக இறுக்கினாலும் ஆபத்து. எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி பிடிக்க சொல்கிறார்கள். முதலில் லேசாக. பாரம் முன்னால் வந்து டயர் தரையில் அழுந்தியதும் பலமாக. இது காதால் கேட்டால் வராது. 20, 30 முறை செய்து பார்த்தால்தான் விரலுக்கு வரும். முதலில் 40 வேகத்தில், பிறகு 60-ல், அப்புறம் 80-ல் என்று கூம்பு வைத்து பிடிக்க சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது தார் ரோட்டு பாடம். ஓரிக்கை, செவிலிமேடு பக்கம் லாரியில் இருந்து கொட்டிய மணலும் ஜல்லிப்பொடியும் ரோட்டு ஓரத்தில் கிடக்கும். மணல்மேல் ஹேண்டில்பாரை திருப்பிக்கொண்டே முன் பிரேக் பிடித்தால் யாராக இருந்தாலும் கீழேதான். மணல் வருவதற்கு முன்னாலேயே வேகத்தை குறைத்துவிட வேண்டும். டிராக் ஓட்டிப் பழகியவருக்கு ரோட்டில் மணல் கண்ணில் படும் தூரமே கூடிவிடும் என்பதுதான் விசேஷம்.

2019 ஏப்ரலில் இருந்து விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சி.சி. வரைக்கும் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் வசதியாவது இருக்க வேண்டும். ஏ.பி.எஸ். என்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டு பிடிக்கும் கருவி. அது வேலை செய்யும்போது பிரேக் நெம்புகோல் விரலில் துடிக்கும். காராக இருந்தால் பெடல் காலை உதைக்கும், கடகட என்று சத்தம் வரும். முதல் முறை இதை ரோட்டில் சந்திப்பவர் "என்னவோ உடைஞ்சு போச்சு" என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார். அங்கேதான் மோதல். டிராக்கில் ஒரு முறை அந்த துடிப்பை பார்த்தவர் காலை எடுக்க மாட்டார். அழுத்திக்கொண்டே ஸ்டீரிங்கை திருப்பி தப்பிக்கலாம் என்பதும் அங்கேதான் தெரியவரும். அந்த கருவியை வைத்ததே அதற்குத்தான்.

கண் போகும் இடத்துக்கு வண்டி போகும்

பயிற்சியாளர்கள் தொண்டை வற்ற கத்துவது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, கண்ணை தூக்கு! முன்னால் பார்!"

குழியை பார்த்து, "ஐயோ குழி, ஐயோ குழி" என்று நினைத்துக்கொண்டே அதே குழியில் இறக்கியவர்கள் எல்லோருக்கும் இது புரியும். மனிதன் எதை முறைத்து பார்க்கிறானோ கை அங்கேதான் வண்டியை கொண்டுபோகும். எதிரே வரும் லாரியை முறைத்தால் லாரிமேல். புளியமரத்தை முறைத்தால் மரத்தின்மேல். தப்பிக்கும் வழியை பார்த்தால் அந்த வழியில். கேட்க எளிது. பயம் வந்த நேரத்தில் கண்ணை ஆபத்தில் இருந்து பிடுங்கி வேறு பக்கம் வைப்பது பெரிய வித்தை. டிராக்கில் வளைவுக்குள் நுழையும் முன்பே கழுத்தை திருப்பி வளைவு முடியும் இடத்தை பார்க்க வைக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க இதையே செய்தால் பழகிவிடுகிறது.

வளைவுக்கு இன்னொரு விதி, வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். உள்ளே போனபிறகு பயந்து பிரேக் மிதிக்கக்கூடாது. டயர் தரையை தொடும் இடம் ஒரு உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை வண்டியை திருப்பவும் வேண்டும், நிறுத்தவும் வேண்டும் என்றால் இரண்டும் பாதி பாதியாக போய்விடும். மெதுவாக நுழைந்து, வழி தெரிந்தபிறகு ஆக்சிலேட்டரை திறக்க வேண்டும்.

பைக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 30 வேகத்துக்கு மேல் வண்டியை வலது பக்கம் திருப்ப வேண்டும் என்றால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இழுக்கக்கூடாது. எல்லோரும் தெரியாமலேயே இதைத்தான் செய்கிறார்கள். தெரிந்து செய்தால் நாய் குறுக்கே வரும்போது அரை விநாடியில் ஒதுங்கலாம். நம்பாதவர்கள் காலி மைதானத்தில் லேசாக தள்ளிப் பார்க்கலாம்.

கார்க்காரர்களுக்கு முதல் பாடம் சீட்டில் தொடங்குகிறது. சாய்மானத்தை படுக்கை மாதிரி வைத்துக்கொண்டு ஒற்றை கையில் ஸ்டீரிங்கை பிடிப்பது சினிமாவுக்கு சரி. பிரேக்கை கடைசி வரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். ஸ்டீரிங்கின் உச்சியில் மணிக்கட்டை வைத்தால் முதுகு சீட்டை விட்டு எழக்கூடாது. கைகள் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில். டயர் காற்றை குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும். இந்த நான்கு விஷயமும் இலவசம். டிராக் போகாதவரும் நாளை காலையிலேயே செய்துகொள்ளலாம்.

அசட்டு தைரியம்

இங்கேதான் ஒரு சிக்கல். டிராக்கில் ஓட்டி வந்தவர்கள் எல்லோரும் ரோட்டில் ஒழுங்காக ஓட்டுவார்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது.

நார்வே நாட்டில் பனி விழுந்து ரோடு வழுக்கும். 1979-ல் அந்த அரசு புதிதாக லைசென்ஸ் வாங்கும் எல்லோருக்கும் வழுக்கும் தரையில் ஓட்டும் பயிற்சியை கட்டாயமாக்கியது. விபத்து குறையும் என்று எதிர்பார்த்தார்கள். ஆய்வு செய்து பார்த்தால் வாலிபர்கள் வழுக்கும் ரோட்டில் மோதுவது அதிகமாகிவிட்டது! "நமக்குத்தான் சறுக்கினா சமாளிக்க தெரியுமே" என்ற நினைப்பில் வேகத்தை கூட்டிவிட்டார்கள். அதன்பிறகு வடக்கு ஐரோப்பிய நாடுகளில் பயிற்சி முறையையே மாற்றினார்கள். நீ கெட்டிக்காரன் என்று காட்டுவதற்கு பதில், இவ்வளவு குறைந்த வேகத்திலேயே உன்னால் சமாளிக்க முடியவில்லை பார் என்று உணர வைக்கும் பயிற்சியாக அது மாறியது.

ஆகவே டிராக்குக்கு போகிறவர் எதை கற்றுக்கொண்டு திரும்புகிறார் என்பதுதான் முக்கியம். 57 மீட்டர் ஆகும் என்பதை கண்ணால் பார்த்துவிட்டு, ரோட்டில் முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட ஆரம்பித்தால் அது லாபம். 120 தொட்டேன் என்று போட்டோ போட்டுவிட்டு பொன்னேரிக்கரையில் அதே வேகத்தை முறுக்கினால் அது வீட்டுக்கு நஷ்டம்.

நம்ம மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பாலுசெட்டி சத்திரம் அருகே சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் பிரபல யூடியூபர் ஒருவர் விலை உயர்ந்த பைக்கில் இருந்து தூக்கி வீசப்பட்டார். முன் சக்கரத்தை தூக்கி வீலிங் செய்ய முயன்றபோது இது நடந்தது. பைக் சுக்குநூறானது. நல்ல ஹெல்மெட், பாதுகாப்பு உடை போட்டிருந்ததால் கை முறிவோடு உயிர் தப்பினார். போலீசார் கைது செய்தனர். அவருடைய லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. உயர்ந்த பைக்கும் உயர்ந்த ஹெல்மெட்டும் இருந்தன. ஆனால் அது ஷிப்டு முடிந்து ஜனங்கள் வீட்டுக்கு போகும் ரோடு.

ரேஸ் மைதானம் மட்டும் சாவே இல்லாத இடமா? இல்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த கார் பந்தயத்தில் சென்னையை சேர்ந்த மூத்த வீரர் கே.ஈ.குமார் (வயது 59) பரிதாபமாக பலியானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ந்தேதி பைக் பந்தயத்தில் பெங்களூரை சேர்ந்த 13 வயது சிறுவன் கீழே விழுந்து உயிரிழந்தான். நாடே அதிர்ச்சி அடைந்தது. இரண்டும் போட்டியில் நடந்தவை. பயிற்சி நாளில் வேகம் அந்த அளவுக்கு போகாது என்றாலும், ஆம்புலன்ஸ் நிற்பது அலங்காரத்துக்கு அல்ல.

நடிகர் அஜீத்குமார் ரசிகர்களுக்கு இது நன்றாக தெரியும். 2003-ல் பார்முலா பி.எம்.டபிள்யூ ஆசியா, 2010-ல் பார்முலா-2 என்று ஓட்டியவர், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர பந்தயத்துக்கு பயிற்சி எடுத்தபோது அவருடைய கார் தடுப்பில் மோதி பம்பரம் போல சுழன்றது. காயம் இல்லாமல் இறங்கி நடந்தார். அந்த பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அந்த வீடியோவை பார்த்து விசில் அடித்தவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். காருக்குள் இரும்புக்கூண்டு, உடம்பை கட்டிப்போடும் பெல்ட், தலையை தாங்கும் கவசம், வெளியே தடுப்பு வேலி. நம்ம ஊர் ஷேர் ஆட்டோவிலும் 100 சி.சி. பைக்கிலும் அது எதுவும் கிடையாது.

காசு எவ்வளவு?

உண்மையை சொல்ல வேண்டும். தினக்கூலிக்காரருக்கு இது மலிவு அல்ல. டிராக் வாடகை, பயிற்சியாளர், ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். வெளிநாட்டு பள்ளிகள் என்றால் இன்னும் அதிகம். தோல் உடையை வாடகைக்கு தருகிறவர்கள் உண்டு. டயரும் பிரேக் கட்டையும் ஒரே நாளில் கணிசமாக தேயும். அந்த செலவும் நம்மை சேர்ந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்சூரன்ஸ். இந்தியாவில் சாதாரண வாகன பாலிசியில் ரேஸ், வேக சோதனை போன்றவற்றுக்கு பயன்படுத்தினால் நஷ்டஈடு கிடையாது என்று தெளிவாக போட்டிருக்கும். டிராக்கில் வண்டி உடைந்தால் பெரும்பாலும் சொந்த காசுதான். கடன் வாங்கி எடுத்த பைக்கை கொண்டுபோகும் முன் பாலிசியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. வேலைக்கு போக இருக்கும் ஒரே வண்டி அதுதான் என்றால், வண்டியையும் அவர்களே தரும் பயிற்சியை தேடுவது புத்திசாலித்தனம். பைக் கம்பெனிகள் நடத்தும் சில நிகழ்ச்சிகளில் அந்த வசதி உண்டு.

பஸ், லாரி டிரைவர்களுக்கு ரேஸ் மைதானம் ஒத்துவராது. 50 பேரை ஏற்றிய கம்பெனி பஸ் பிரேக் பிடித்தால் காற்று பிரேக் பிடிக்கவே ஒரு கணம் தாமதம் ஆகும். அந்த கணக்கு வேறு. கும்மிடிப்பூண்டியில் ஐ.ஆர்.டி. எனப்படும் சாலை போக்குவரத்து நிறுவனத்தின் டிரைவர் பயிற்சி பள்ளி இருக்கிறது. கனரக வாகனம் ஓட்ட முறையாக கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் விசாரிக்க வேண்டிய இடம் அது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன சோதனை மையத்திலும் பெரிய டிராக்குகள் இருக்கின்றன. ஈர ரோடு, வழுக்கு ரோடு எல்லாம் செயற்கையாக போட்டு கம்பெனி வண்டிகளை சோதிப்பார்கள். ஆனால் அது கம்பெனிகளுக்கு. நம்ம ஊர் கம்பெனி பஸ் டிரைவர்களுக்கும் மாதம் ஒருநாள் அந்த ஈர ரோட்டை திறந்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

காலி மைதானம் போதும்

டிராக்குக்கு போக முடியாதவர்கள் என்ன செய்வது? பாதி பாடத்தை காசு இல்லாமலேயே படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் முன், அனுமதி வாங்கி, ஆள் நடமாட்டம் இல்லாத தார் அல்லது சிமெண்ட் தரை உள்ள மைதானம் ஒன்று போதும். பொது ரோடு வேண்டாம். பள்ளத்தில் இறங்கும் காலி பாலாற்று மணலும் வேண்டாம். ஹெல்மெட், ஷூ, முழுக்கை சட்டை, ஜீன்ஸ் பேண்ட் கட்டாயம். கூட ஒருவர் நிற்க வேண்டும்.

இரண்டு செங்கல் வைத்து அந்த கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். முதலில் 20 வேகம், பிறகு 30, கடைசியாக 40. அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் வண்டி நின்ற இடத்தில் சாக்பீசால் கோடு போட வேண்டும். 20-ல் போட்ட கோட்டையும் 40-ல் போட்ட கோட்டையும் காலால் அளந்து பார்த்தால் நான்கு மடங்கு கணக்கு தெரிந்துவிடும். அடுத்து முன் பிரேக் மட்டும், பின் பிரேக் மட்டும், இரண்டும் சேர்த்து என்று தனித்தனியாக. பின்னால் மனைவியையோ நண்பரையோ உட்கார வைத்தால் கோடு எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதையும் மெதுவான வேகத்தில் பார்க்கலாம். தினமும் பிள்ளைகளை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஏற்றி பள்ளிக்கு விடும் அப்பாக்கள் இதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

பெண்களும் இதில் தாராளமாக இறங்கலாம். சென்னையை சேர்ந்த அலிஷா அப்துல்லா ஆண்களோடு சேர்ந்தே பைக், கார் பந்தயங்களில் ஓட்டி பெயர் வாங்கியவர். ஸ்கூட்டியில் கம்பெனிக்கு போகும் பெண்களுக்கு பின்னால் லாரி ஹாரன் அடித்தால் கை நடுங்குகிறது என்றால், காரணம் பெரும்பாலும் தைரியக்குறைவு அல்ல. தன் வண்டி எங்கே நிற்கும் என்று தெரியாததுதான்.

டிராக்குக்கு போக முடிவு செய்தவர்கள் முதல் நாள் இரவு நன்றாக தூங்கிவிட்டு போக வேண்டும். நைட் ஷிப்டு முடித்துவிட்டு நேராக போகக்கூடாது. தண்ணீர் பாட்டில் நிறைய வேண்டும். தோல் உடைக்குள் வெயிலில் உடம்பு வெந்துவிடும், மதியத்துக்கு மேல் தலை சுற்றும். களைப்பு தெரிந்தால் கடைசி ரவுண்டை விட்டுவிடலாம். காசு கொடுத்தாச்சே என்று ஓட்டுவதில்தான் பலரும் விழுகிறார்கள். மாலையில் டயர் காற்றை மறுபடி சரிபார்த்து, டேப்பை உரித்து, கழற்றிய சைடு மிரரை மறக்காமல் மாட்டிக்கொண்டுதான் ஊர் திரும்ப வேண்டும். சுங்குவார்சத்திரம் வரும்போது கம்பெனி பஸ்கள் எல்லாம் ஒன்றாக கிளம்பியிருக்கும்.